மக்மகோன் போடாத கோடு... ஒரே நிலத்துக்கு மூன்று வாக்குறுதிகள்!

இந்தியா - சீனா எல்லைப் பிரச்னை பற்றிப் பேச்சு வந்தாலே கூடவே வந்துவிடும் பெயர், மக்மகோன் கோடு. 1914-ல் சிம்லா மாநாட்டையொட்டி, திபெத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் நடுவே வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டவர், அப்போது இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளராக இருந்த சர் ஹென்றி மக்மகோன்.

மறு ஆண்டே அவர் பிரிட்டனின் உயர் ஆணையராக எகிப்துக்குப் போனார். அங்கே அவர் கோடு எதுவும் போடவில்லை. கடிதம் மட்டும் எழுதினார். வரைபடம் இணைக்கப்படாத அந்தக் கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்று நூறாண்டுகள் தாண்டியும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்!

மெக்காவிலிருந்து ஒரு கடிதம்

1914 இறுதியில் முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் இறங்கியது துருக்கி. துருக்கி சுல்தான்தான் அன்று இஸ்லாமிய உலகின் கலீஃபாவும்கூட. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவுக்கு எதிராக ‘புனிதப் போர்’ என்று அவர் அறிவித்ததும் பிரிட்டன் கவலையில் ஆழ்ந்தது. இந்தியாவில் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இருந்தார்கள். பிரிட்டனுக்காகப் போரிட்ட இந்தியப் படையிலும் முஸ்லிம் வீரர்கள் ஏராளம். சுல்தானின் அழைப்பை முறியடிக்க, முஸ்லிம்கள் மதிக்கும் ஒரு குரல் தேவைப்பட்டது.

அந்தக் குரல் மெக்காவில் இருந்தது. நபிகள் நாயகத்தின் வழிவந்தவரான ஷெரீப் ஹுசைன், துருக்கியின் கீழ் மெக்காவின் அமீராக இருந்தார். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. 1908-ல் மதீனா வரை ரயில் வந்துவிட்டது. இஸ்தான்புல்லின் பிடி இறுகிக்கொண்டே வந்தது. எந்த நேரமும் பதவி பறிபோகலாம் என்ற நிலை. போருக்கு முன்பே, 1914 பிப்ரவரியில், அவர் மகன் அப்துல்லா கெய்ரோ போய் பிரிட்டிஷ் அதிகாரி கிட்சனரைச் சந்தித்து நாடிபிடித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

1915 ஜூலையில் மக்மகோனுக்கு ஹுசைன் தரப்பிலிருந்து முதல் கடிதம் போனது. அரேபியா, சிரியா, ஈராக் எல்லாம் அடங்கிய சுதந்திர அரபு நாட்டை பிரிட்டன் அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 1916 மார்ச் வரை இருவருக்கும் நடுவே மொத்தம் பத்துக் கடிதங்கள்.

ஒரு சொல்லில் சிக்கிய பாலஸ்தீனம்

இவற்றில் முக்கியமானது, 1915 அக்டோபர் 24 தேதியிட்ட மக்மகோனின் கடிதம். அரபு சுதந்திரத்தை பிரிட்டன் ஆதரிக்கும் என்றார் அவர். ஆனால், டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகளுக்கு இது பொருந்தாது. பிரான்ஸின் நலனைப் பாதிக்காத இடங்களுக்கு மட்டுமே இந்த உறுதி.

‘மாவட்டங்கள்’ என்பதற்கு அரபு வடிவத்தில் ‘விலாயத்’ என்ற சொல் இருந்தது. நம் முன்னோர் இங்கிலாந்தை ‘விலாயத்து’ என்றார்களே, அதே வேர்ச்சொல்தான். அதற்கு ‘நகரைச் சுற்றியுள்ள பகுதி’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘மாகாணம்’ என்றும் கொள்ளலாம்.

முதல் பொருளில், நான்கு ஊர்களுக்கும் மேற்கே இருப்பது லெபனான் கடற்கரைதான். பாலஸ்தீனம் தெற்கே தள்ளி இருப்பதால் அது அரபுகளுக்கே. இரண்டாம் பொருளில், டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட மாகாணம் தெற்கே அகபா வரை நீள்கிறது. அதற்கு மேற்கே உள்ள பாலஸ்தீனம் வாக்குறுதியில் வராது. அரபுகள் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டன் பின்னாளில் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

ஆளுக்கொரு கணக்கு

கெய்ரோ இப்படி எழுதிக்கொண்டிருந்தபோதே லண்டன் வேறு வேலையில் இறங்கியிருந்தது. பிரிட்டனின் மார்க் சைக்ஸும் பிரான்ஸின் பிரான்சுவா ஜார்ஜ் பிக்கோவும் வரைபடத்தை விரித்தார்கள். மத்தியதரைக் கடலோர ஏக்கர் நகரிலிருந்து கிர்குக் பக்கமாக ஒரு கோடு. வடக்கே பிரான்ஸ், தெற்கே பிரிட்டன், பாலஸ்தீனத்தின் பெரும்பகுதிக்குப் பன்னாட்டு நிர்வாகம்! 1916 மே மாதம் ரகசிய ஒப்பந்தமே ஆகிவிட்டது.

பிரிட்டிஷ் இந்திய அரசின் கணக்கு இன்னொன்று. கலீஃபாவுக்கு எதிரான கலகத்தை பிரிட்டனே தூண்டினால் இந்திய முஸ்லிம்கள் கொதிப்பார்களே என்ற கவலை அதற்கு. 1915 டிசம்பரில் அது ஒப்பந்தம் போட்டது ஹுசைனோடு அல்ல. அவருடைய போட்டியாளரான நஜ்து பகுதித் தலைவர் இபின் சவூதோடு.

கலகமும் கசிவும்

1916 மே 6 அன்று துருக்கித் தளபதி ஜெமால் பாஷா, பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் அரபு தேசியவாதிகளைத் தூக்கிலிட்டார். அடுத்த மாதமே, ஜூன் 10-ல், மெக்காவில் கலகம் வெடித்தது. பிரிட்டன் தங்க நாணயமும் துப்பாக்கியும் அனுப்பியது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தின் நாயகனான அதிகாரி டி.இ.லாரன்ஸ், ஹுசைனின் மகன் ஃபைசலோடு சேர்ந்துகொண்டார். 1917 ஜூலையில் அகபா துறைமுகம் அரபுப் படையிடம் வீழ்ந்தது. துருக்கியின் ரயில் பாதைகள் தொடர்ந்து தகர்க்கப்பட்டன.

அந்த நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு இடிகள். 2-ம் தேதி, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவளிப்பதாக பிரிட்டன் அறிவித்தது. இதுதான் பால்ஃபர் பிரகடனம். அதே மாதம் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகள், ஜார் மன்னரின் ரகசிய ஆவணங்களை வெளியிட்டார்கள். சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தம் ஊரறிந்த கதையானது.

ஜெமால் பாஷா விடுவாரா? ‘உங்களை ஏமாற்றிவிட்டார்கள், சமாதானத்துக்கு வாருங்கள்’ என்று ஃபைசலுக்குத் தூதுவிட்டார். ஹுசைன் அந்தக் கடிதங்களை பிரிட்டனிடமே கொடுத்து விளக்கம் கேட்டார். அது முடிந்துபோன ஒப்பந்தம் அல்ல, வெறும் பேச்சுவார்த்தைதான் என்ற ரீதியில் பதில் வந்தது. ஹுசைன் நம்பினார். கலகம் தொடர்ந்தது.

யாருக்கு என்ன கிடைத்தது?

1918 அக்டோபர் 1-ல் டமாஸ்கஸ் வீழ்ந்தது. 3-ம் தேதி அங்கு வந்து சேர்ந்த ஃபைசலை பிரிட்டிஷ் தளபதி அலென்பி ஒரு ஹோட்டலில் சந்தித்தார். சிரியாவுக்குப் பாதுகாவல் நாடு பிரான்ஸ்தான் என்று சொன்னார். வெற்றி பெற்ற ஊரில், வெற்றி பெற்ற கையோடு!

1920 மார்ச்சில் சிரியாவின் மன்னரானார் ஃபைசல். நான்கே மாதங்களில் மைசலூன் போரில் சிரியப் படையை பிரான்ஸ் நொறுக்கியது. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஃபைசலுக்கு மறு ஆண்டு ஈராக்கின் அரியணையைத் தந்தது பிரிட்டன். அண்ணன் அப்துல்லாவுக்கு இன்றைய ஜோர்டான்.

தந்தை ஹுசைனுக்கு? 1919-ல் துரபாவில் அவர் படையை இபின் சவூதின் ஆட்கள் துவம்சம் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்புமே பிரிட்டனிடம் பணம் வாங்கியவர்கள். 1921-ல் லாரன்ஸே புதிய ஒப்பந்தத்தோடு ஜெட்டாவுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டால் பிரிட்டனின் பாதுகாப்பு உண்டு. ஆனால், போருக்குப் பிந்தைய பங்கீட்டை ஏற்க வேண்டும். ஹுசைன் மறுத்துவிட்டார். 1924-ல் இபின் சவூத் மெக்காவைப் பிடித்தபோது அவரைக் காக்க யாரும் வரவில்லை. பதவி துறந்து, சைப்ரஸ் தீவில் நாடுகடத்தப்பட்ட வாழ்க்கை.

பாலஸ்தீனம் தன் வாக்குறுதியில் இல்லவே இல்லை என்று 1937-ல் பத்திரிகைக்கு எழுதினார் மக்மகோன். கடிதங்களை பிரிட்டிஷ் அரசு அதிகாரபூர்வமாக வெளியிட்டதோ 1939-ல்தான். படித்துப் பதில் சொல்ல அப்போது ஹுசைன் உயிரோடு இல்லை.

1931-ல் அம்மானில் இறந்த அவரை ஜெருசலேமில், அல்-அக்ஸா வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த மண் தனக்குத் தரப்பட்ட வாக்குறுதியில் இருந்ததா, இல்லையா என்ற வழக்கு தீராமலே, அங்கேயே உறங்குகிறார்.