வைப்ரேட்டர் வேண்டாத கான்கிரீட்

சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் சில தூண்களின் அடியில் ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கும். கம்பிகள் நெருங்கிய இடத்தில் கலவை இறங்கவில்லை, காற்று வெளியேறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மேலே சிமென்ட் பால் பூசி மறைத்துவிடலாம். உள்ளே நுழையும் ஈரம் கம்பியைத் துருவாக்குவதை மறைக்க முடியாது. கான்கிரீட்டில் 5 சதவீதம் காற்றிடம் தங்கினாலே வலிமை ஏறத்தாழ 30 சதவீதம் குறையலாம். அதனால்தான் வைப்ரேட்டர் விட்டுக் காற்றை வெளியேற்றுகிறார்கள்.

1980களில் ஜப்பானில் அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவந்தன. கட்டடங்களின் ஆயுளும் கேள்விக்குள்ளானது. ஆள் அமுக்காமல், தன் எடையாலேயே மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும் கான்கிரீட் வேண்டும் என்று டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாஜிமே ஒகமுரா 1986இல் முன்மொழிந்தார். 1988இல் முதல் மாதிரி உருவானது.

தண்ணீரைக் கூட்டினால் எந்தக் கலவையும் ஓடும். ஆனால் ஜல்லி அடியில் தங்கும், நீர் மேலே வரும், வலிமை போகும். ஓடவும் வேண்டும், பிரியவும் கூடாது. இதற்காக முதலில் ஜல்லியைக் குறைக்கிறார்கள். கம்பி இடுக்கில் அடைப்பை உண்டாக்குவது ஒன்றோடொன்று மோதும் ஜல்லிகள்தான். ஈடாக, சிமென்ட்டோடு அனல் மின்நிலையச் சாம்பல் போன்ற நுண்தூளைக் கூட்டுகிறார்கள். கொழகொழப்பான அந்தச் சாந்து ஜல்லியைத் தாங்கிக்கொண்டே நகரும். அடுத்தது ரசாயனம். சிமென்ட் துகள்கள் திரண்டு தமக்குள் நீரை அடைத்துவைக்கும் இயல்புடையவை. பாலிகார்பாக்சிலேட் அவற்றின் மேல் ஒட்டி விலக்கிவிட, அடைபட்ட நீர் விடுபடுகிறது. கூடுதல் தண்ணீர் இல்லாமலே கலவை இளகுகிறது.

சோதனையும் எளிது. கூம்பு அச்சில் கலவையை நிரப்பித் தூக்கினால், தோசை மாவு போல வட்டமாகப் பரவும். விட்டம் 550 முதல் 850 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஓரத்தில் நீர் தனியே கசியக் கூடாது.

1998இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ தொங்கு பாலத்தின் நடு இடைவெளி 1,991 மீட்டர். அதன் வடங்களை இழுத்துப் பிடிக்கும் இரு கரைப் பீடங்களுக்கு இந்தக் கான்கிரீட்டை 200 மீட்டர் குழாய் வழியே செலுத்தினார்கள். இரண்டரை ஆண்டு வேலை இரண்டு ஆண்டில் முடிந்தது.

இந்தியக் கலவை வடிவமைப்புத் தரநிலையான ஐஎஸ் 10262-இன் 2019 பதிப்பிலும் இந்தக் கான்கிரீட் இடம்பெற்றுள்ளது. தூணும் உத்தரமும் சந்திக்கும் கம்பி நெரிசலுக்கும், பழைய தூண்களைச் சுற்றி வலுவூட்டுவதற்கும் இது பெரிதும் ஏற்றது. ஆனால் செலவு கூடும். திரவம் போல் பக்கவாட்டில் அழுத்துவதால் சென்ட்ரிங் உறுதியாகவும் இடைவெளியின்றியும் இருக்க வேண்டும். மணலின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் நீர் சேர்த்தாலே கலவை கெடும். போட்ட பிறகு நீராற்றுவதும் கட்டாயம். வைப்ரேட்டர் பிடிக்கும் கையிலிருந்த பொறுப்பு, கலவையை அளப்பவரிடமும் சென்ட்ரிங் அடிப்பவரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் இருவரும் தேர்ந்தவர்களாக இருக்கும் தளத்தில் மட்டுமே இதைப் போட வேண்டும்.