முதல் ருசி

திண்டிவனத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் பாதையில் ஒலக்கூர் ஒரு சிறு நிலையம். சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. மணிலாக்கொட்டை இப்பக்கத்துப் பேச்சில் ‘மல்லாட்டை’ ஆகிவிட்டது. ‘டி. எம். வி.’ என்ற நிலக்கடலை ரகங்களின் பெயரில் இருப்பதும் திண்டிவனந்தான். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அளித்தவை அவை. இவ்வளவு சத்து வாசலிலேயே விளையும் சீமையில், பள்ளிக்கு வரும் குழந்தையின் கையில் இருப்பது என்ன? பளபளக்கும் பொட்டலத்தில் அடைத்த பிஸ்கோத்து! மல்லாட்டையை மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, மைதாவைக் காசு கொடுத்து வாங்கித் தின்னும் நமது சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

“சிறு பிள்ளைதானே! பெரியவனானால் கீரை தின்னமாட்டானா?” என்று தாய்மார்கள் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் விஞ்ஞானிகள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவிக் குணம். மற்ற ருசிகளில் பெரும்பாலானவை பழக்கத்தால் வருபவை. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் காரட் சாறு அருந்தியிருந்தால், குழந்தை அந்த ருசியை முகம் சுளிக்காமல் ஏற்கிறது என்று 2001-ல் அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா முதலியோர் கண்டனர். புதிய காய் ஒன்று எட்டுப் பத்துத் தடவை தட்டில் வந்த பிறகே பல குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. நாமோ இரண்டாம் தடவையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு சர்க்கரை டப்பாவைத் திறக்கிறோம்!

இளமையில் உண்டதன் பலன் எவ்வளவு காலம் நிற்கும்? மத்திய அமெரிக்காவில், குவாட்டமாலா நாட்டுக் கிராமங்களில் 1969 முதல் 1977 வரை குழந்தைகளுக்குச் சத்துக் கஞ்சி அளித்தார்கள். இரண்டு வயது வரை அதைப் பெற்ற ஆண்கள், பிற்காலத்தில் மணிக்குச் சுமார் 46 சதவீதம் அதிகக் கூலி பெற்றதாக 2008-ல் வெளியான ஆராய்ச்சி கூறியது. நமது தேசத்திலோ, பள்ளியில் மதிய உணவு பெற்ற சிறுமிகள் தாயான பிறகு, அவர்களுடைய குழந்தைகளிடத்தில் வளர்ச்சிக் குறைவு குறைந்திருப்பதை 2021-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அன்று மகள் உண்ட சோறு இன்று பேரனின் உயரத்தில் தெரிகிறது!

இத்துறையில் தமிழ்நாடு எவருக்கும் பின்வாங்கியதன்று. 1920-ல் ஸர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி அளித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவைப் பரப்பினார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொணர்ந்தார். 2022-ல் காலை உணவும் வந்தது.

ஆயினும் சோறிடுவது வேறு, உண்ணக் கற்பிப்பது வேறு. பள்ளிக்கூடம் தருவது நாளில் ஒரு வேளையோ இரு வேளையோ. அதுவும் முதல் ருசிகள் படிந்த பிறகு. அந்த ருசிகளைக் கற்பிக்கும் பள்ளி வீட்டு அடுப்பங்கரையே. அங்கே உபாத்தியாயர் தாய் மட்டுமல்லர்; கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்துபோகும் தந்தையும் அன்றாடம் ஒரு பாடம் நடத்துகிறார்.

நேயர்களே! கொல்லையில் ஒரு முருங்கைப் போத்தை நடுங்கள். கீரை உருவும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள். ஒரு பிடி வேகவைத்த மல்லாட்டையை அதன் முன் வையுங்கள். வேண்டாமென்றால் வற்புறுத்தாமல், நாளைக்கும் வையுங்கள். செலவு சொற்பம், பயனோ பேரன் காலம் வரை நிற்பது.