பெண்களின் ‘ஜம்இய்யா’வும் நெருக்கடிக் காலமும்

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜு’க்கு மஹல்லீ எழுதிய விரிவுரையை ஓதியவர்கள், அதற்குக் கல்யூபீ (மறைவு ஹி. 1069) எழுதிய ஓரக்குறிப்பில் சிறியதொரு மஸ்அலாவைக் கண்டிருக்கலாம். பெண்ணொருத்தி தன் குழுவினர் ஒவ்வொருவரிடமும் வாரந்தோறுமோ மாதந்தோறுமோ குறித்த தொகையைப் பெற்று, ஒருவர்பின் ஒருவராக அனைவருக்கும் கொடுத்து முடிப்பது ஆகுமானதே என்பது அது. வலிய்யுத்தீன் அல்இராக்கீ (மறைவு ஹி. 826) அவர்களின் கூற்றாக இதைப் பதிவு செய்கிறார். பெண்களிடையே நன்கறியப்பட்ட வழக்கம் என்றே அவர் அறிமுகப்படுத்துவது கவனிக்கத்தக்கது. இருவரும் எகிப்தியர்.

அந்த எகிப்தில், கெய்ரோவின் நெருக்கமான குடியிருப்புகளில், இன்றும் இம்முறை ‘ஜம்இய்யா’ என்ற பெயரில் வாழ்கிறது. (கெய்ரோ நாவில் அது ‘கம்இய்யா’.) பத்துப் பெண்கள் மாதம் ஆயிரம் பவுண்டு செலுத்தினால், மாதமொருவர் பத்தாயிரம் பெறுவார். முதலில் பெறுபவர் கடனாளி. இறுதியில் பெறுபவர் கடன் கொடுத்தவர். எவரும் கூடுதலாகப் பெறுவதில்லை. நம்மூர் ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளுக்கு எடுத்து இழப்படைகிறார். இங்கோ, மகளின் திருமணமோ கணவரின் நோயோ வந்துற்றால் தலைவி முறையை மாற்றி அவரை முன்னால் நிறுத்துகிறாள், மற்றவர் விட்டுக்கொடுக்கின்றனர். தவணை தவறினால் பெரும்பாலும் தலைவியே ஈடுகட்டுகிறாள். ஆதலால் நாணயம் அறியாதவரைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் கடைசி முறையே.

பிறரும் கடன் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கடன் கொடுப்பது ஆகுமா என்ற ஐயத்தைச் சிலர் எழுப்பினர். சவூதியின் மூத்த உலமாக்கள் அவை ஹி. 1410இல் பெரும்பான்மையாக இதை அனுமதித்தது. பயன் அனைவருக்கும் சமம், கடன் கொடுத்தவரின் பொருள் குறைவதில்லை என்பது அதன் வாதம்.

ஆனால் நெருக்கடி ஒருவருக்கன்றி எல்லாருக்கும் ஒருசேர வந்தால்? 2016 நவம்பரில் எகிப்து தன் நாணயத்தை மிதக்கவிட்டபோது, ஒன்பது பவுண்டுக்கும் குறைவாயிருந்த டாலர் ஆண்டிறுதிக்குள் பதினெட்டை எட்டியது. 2024 மார்ச்சில் முப்பத்தொன்றிலிருந்து ஐம்பதை நெருங்கியது. இறுதி முறைக்காரருக்கும் அதே பத்தாயிரம்தான். அது வாங்கும் மாவும் எண்ணெயுமோ குறைவு. கடனை எண்ணிக்கையளவில் திருப்புவதே ஃபிக்ஹின் பொதுவிதி; விலையுயர்வைக் காட்டி மேலதிகம் கேட்க வழியில்லை. பொறுமையோடு காத்திருந்தவரே அதிகம் இழக்கிறார். இம்முறையின் மெய்யான பலவீனம் இதுவே என்பேன். காலத்தைச் சுருக்கி மாதமுறையை வாரமுறையாக்குவதும், சென்ற சுற்றில் கடைசியில் நின்றவரை அடுத்த சுற்றில் முதலில் வைப்பதும் ஷரீஅத்தின் வரம்புக்குள் நின்றே செய்யக்கூடியவை. கல்யூபீ குறிப்பிடும் இரு தவணைகளுள் வாரமும் ஒன்றல்லவா?