முந்திரி ஓடும் சாயக் கழிவு நீரும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஆதனக்கோட்டையையும் அதன் முந்திரிப் பருப்பையும் அறியாதவர் நம் அங்கத்தினருள் இலர். பருப்பை எடுத்தபின் எஞ்சும் ஓட்டுக்கு எண்ணெய் எடுப்பதும் அடுப்பெரிப்பதுமே நாம் அறிந்த உபயோகங்கள். அவ்வோட்டின் தூள் நீரில் கரைந்துள்ள தாமிரத்தை ஈர்க்க வல்லது என்பதைச் சென்னையை அடுத்த காலவாக்கத்திலுள்ள எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரி ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கியுள்ளனர்.

நமக்கு இதில் என்ன அக்கறை?

சாயங்கள் சிலவற்றில் தாமிரம், குரோமியம் முதலிய உலோகங்கள் கலந்துள்ளன. சாயமிடுவோர் விடும் கழிவு நீர் விவசாயியின் கிணற்றை எட்டினால் இரு தொழிலுக்கும் கேடு. நொய்யலாறு மாசுற்றதன் விளைவாக, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் மறத்தலாகாது.

உலோகம் கலந்த நீர் தெளிவாகவே தோன்றும். தேற்றான் கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும். ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. காய்ச்சுவதாலும் உலோகம் அகலாது. குடிநீரில் லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும் மிகலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஈர்க்கும் விதம்

ஓடு, உமி, நார் ஆகியவற்றில் அமில இயல்புடைய கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்டு நிற்கின்றன. கரைந்த தாமிரமும் ஈயமும் நேர்மின்னேற்றம் உடையவை. ஆதலின் நூலில் சாயம் பற்றுவதுபோல் தூளில் உலோகம் பற்றுகிறது. தூளைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்திச் சூடேற்றினால், பற்றும் இடங்கள் பெருகுகின்றன. நூலைச் சாயத்துக்குப் பக்குவம் செய்வதை ஒத்ததே இது. முந்திரி ஓட்டிலோ, தோலைப் புண்ணாக்கும் எண்ணெயை முதலில் நீக்குதல் அவசியம்.

எல்லைகளும் எச்சரிக்கையும்

இம்முறை சாயக் கழிவிலுள்ள உப்பை நீக்காது. நீரில் புளிப்புத் தன்மை மிகுந்தால் தாமிரமும் ஈயமும் சரிவரப் பற்றா. நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியமோ புளிப்பு நீரில்தான் நன்கு பற்றும். ஆகவே நீரின் தன்மையை அறியாமல் தூளைக் கொட்டுவதால் பயனில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது, உபயோகித்த தூளைப் பற்றிய விஷயம். தழைபோலத் தோன்றினும் அதை எருக்குழியில் இடலாகாது. அடுப்பில் எரித்தலும் ஆகாது. எரித்தாலும் உலோகம் அழியாமல் சாம்பலில் தங்கும். நீரிலிருந்து எடுத்த நஞ்சை நிலத்தில் சேர்ப்பது எவ்வகையில் நன்மை? நீர்த்த அமிலத்தால் உலோகத்தைக் கழுவிப் பிரித்துத் தூளை மீண்டும் பயன்படுத்தலாம்; அது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை.

நீர்ப் பரிசோதனை, தூள் தயாரிப்பு, கழிவைப் பாதுகாத்தல் ஆகிய இவற்றைத் தனியொரு பட்டறை தாங்குதல் அரிது. பலர் கூடிச் செய்தால் எளிது. முதற்படியாக, சாயமிடும் இடங்களை அடுத்த கிணறுகளின் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தறியுமாறு சங்க அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.