'மாட்லின்' என்னும் சொல்

கண்ணீர் எந்நாட்டினர்க்கும் ஒன்றே. அதனைக் குறிக்கும் சொற்களோ பலவாம். ஆங்கிலத்தில் 'டியர்புல்' என்னும் பெயரடை, கண்ணீர் மல்கிய நிலையை இகழ்ச்சியின்றிக் கூறும். இலத்தீனிற் கண்ணீரைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த 'லாக்ரிமோஸ்' என்பது, எளிதில் அழுவோரையும் அழவைக்கும் கதைகளையும் சுட்டும். 'மாட்லின்' என்பதோ இவ்விரண்டினும் வேறானது. காரணம் சிறிதாயிருக்கத் தன்னிரக்கம் மேலிட்டு அழுதலை, சிறப்பாகக் குடிமயக்கத்தில் அழுதலை, இகழ்ச்சி தோன்றக் கூறுவது அது.

இவ்வேறுபாட்டை யான் ஒரு பிழையினாலேயே கற்றேன். மகனையிழந்த தாயொருத்தியின் அழுகையை ஆங்கிலக் கட்டுரையொன்றில் இச்சொல்லாற் குறித்திருந்தேன். ஆசிரியர் அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, "அத்தாய் குடித்திருந்தாளோ?" என்று வினவினார். நாணமுற்றுச் சொல்லின் வரலாற்றை ஆராயலானேன்.

மகதலேனா என்னும் பெயரே பழைய பிரெஞ்சு மொழியின் வழியாகத் திரிந்து 'மாட்லின்' ஆயிற்று. ஆக்ஸ்போர்டில் 1458-இல் நிறுவப்பெற்ற மகதலேனா கல்லூரியின் பெயரை இன்றும் அங்குள்ளோர் 'மாட்லின்' என்றே ஒலிப்பர். மகதலேனா மரியாள், ஆண்டவரின் கல்லறையருகே நின்று அழுதவள் என்பதை யோவான் 20-ஆம் அதிகாரத்திற் காண்கிறோம். லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்குப் பெயர் கூறப்படவில்லை. அவளும் இம்மரியாளே என்று போப்பரசர் முதலாம் கிரெகோரி 591-இல் பிரசங்கித்தார். பின்வந்த ஓவியர் பலர் மரியாளை அழுத கண்களோடே தீட்டினர். இவ்வாறு அவள் பெயர் அழுகைக்கே பெயராயிற்று. தாமஸ் நாஷ் என்பார் 1592-இல் வெளியிட்ட நூலொன்றிற் குடியரை எண்வகையாகப் பகுத்து, குடித்து அன்பு மிகுந்து அழுவோனை 'மாட்லின்' வகையிற் சேர்த்தார். உரோமைத் திருச்சபை 1969-இல் தன் திருநாட்காட்டியைத் திருத்தியபோது அவ்விருவரையும் ஒருவராகக் கொள்வதைக் கைவிட்டது. சொல்லோ தன் பொருளை விட்டிலது.

இதனைத் தமிழில் 'நீலிக்கண்ணீர்' என்று பெயர்க்கலாமோ எனின், பொருந்தாது. நீலி பிறரை ஏமாற்ற அழுதாள். மாட்லின் அழுகையாளனோ தன்னையே ஏமாற்றிக்கொள்ளுகிறான். 'குடிமயக்கக் கண்ணீர்' என்றோ, இடம்நோக்கித் 'தன்னிரக்க அழுகை' என்றோ கூறுதல் நன்று.

மெய்யான இழப்பினால் அழுதவளின் பெயர், இழப்பொன்றுமின்றி அழுவார்க்கு அடையாயிற்று. மரியாளின் பெயர்க்கு நேர்ந்த இவ்விழுக்கை நாம் இனி மாற்ற இயலாது. ஆயினும், மெய்த்துயருற்றாரைக் கூறுமிடத்து இச்சொல்லைத் தவிர்த்தல் நம்மால் இயலும்.