ஊசி எப்போது உதவும்?
சிறுநீரகத்தில் சின்னக் கட்டி. புற்றுநோயா என்று தெரியவில்லை. திசு சோதனைக்குச் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வி.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள். கல் இல்லை. தென்படுவதோ, சிறுநீரகத்தில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, சிறுநீரில் ரத்தம் போகவில்லை. சிறு நகரங்களுக்கும் ஸ்கேன் வசதி வந்துவிட்ட பிறகு இந்தியாவில் இப்படித் தற்செயலாகத்தான் பல கட்டிகள் அகப்படுகின்றன.

4 செ.மீ.க்கு உட்பட்டவற்றைச் சின்னக் கட்டிகள் என்கிறது மருத்துவம். அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் இத்தகைய கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. கட்டிக்குள் கொழுப்பு இருந்தால் அது ஆபத்தில்லாத ஆஞ்சியோமயோலிப்போமா என்று சி.டி. ஸ்கேனே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற பலவற்றில் ஸ்கேன் மௌனம் சாதிக்கிறது.

அங்கேதான் திசு சோதனை வருகிறது. தோலை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி நூலிழை போன்ற திசுவை எடுக்கிறார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் இன்னும் நிலவுகிறது. ஆனால், அப்படி நேர்வது மிக அபூர்வம். ரத்தக்கசிவு ஏற்பட்டாலும் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பத்தில் ஒரு சோதனையாவது முடிவு தெரியாமலே போகிறது. 'முடிவு தெரியவில்லை' என்றால் 'புற்றுநோய் இல்லை' என்று அர்த்தமல்ல. ஆபத்தற்ற ஆன்கோசைட்டோமாவையும் குரோமோஃபோப் வகைப் புற்றுநோயையும் துளி திசுவை வைத்துப் பிரித்தறிவது நிபுணர்களுக்கே கடினம்.

சந்தேகத்தோடு வாழ முடியாது, எப்படியும் கட்டியை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட ஆரோக்கியமானவருக்கு ஊசி தேவையில்லை. இதயநோயால் தளர்ந்த, எதுவானாலும் அறுவை சிகிச்சை செய்ய இயலாத எண்பது வயதுக்காரருக்கும் தேவையில்லை. இந்தக் கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 3 மி.மீ.தான் வளர்கின்றன. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

இடைப்பட்டவர்களுக்குத்தான் ஊசியின் பலன். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர், நீரிழிவால் சிறுநீரகம் பலவீனமானவர், ஏற்கனவே வேறு உறுப்பில் புற்றுநோய் வந்தவர், நிணநீர்ப் புற்றுநோயோ கிருமித் தொற்றோ இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர். இந்தியாவில் காசநோய்கூடச் சில சமயம் கட்டி வேடம் போடுகிறது. அது தெரிந்துவிட்டால் மருந்திலேயே தீர்க்கப் பார்க்கலாம். சிறுநீரகம் கத்திக்குத் தப்பும்.

எனவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "ஊசி வலிக்குமா?" என்பதல்ல. "சோதனை முடிவைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா?" மாறும் என்றால் ஊசி. மாறாது என்றால் அது வீண் அலைச்சல்.