மலைச்சரிவில் வீடு கட்டலாமா? 30 டிகிரி கணக்கு முதல் ‘ஹாகா’ அனுமதி வரை... தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகும் மழை விடவில்லை. திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில், மேலிருந்து சரிந்த மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

நிலச்சரிவு என்றாலே ஊட்டி, குன்னூர், வயநாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது நடந்தது சமவெளியில் இருக்கும் ஒரு ஊரில், ஒற்றை மலையின் சரிவில். சரிவில் வீடு கட்ட யார் அனுமதிப்பது, எந்த அளவு சாய்வு வரை கட்டலாம், விதி இருந்தும் வீடுகள் எப்படி வருகின்றன என்ற கேள்விகள் ஒவ்வொரு மழைக்கும் எழுகின்றன, மழை நின்றதும் அடங்கிவிடுகின்றன.

மண் ஏன் சரிகிறது?

ஒரு சரிவில் இருக்கும் மண்ணைப் புவியீர்ப்பு விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் உராய்வும் பிடிப்பும், மரங்களின் வேர்களும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. இந்த இரண்டும் சமமாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை.

மழைநீர் உள்ளே இறங்கும்போது கணக்கு மாறுகிறது. மண்ணின் எடை கூடுகிறது. அதைவிட முக்கியம், துகள்களுக்கு நடுவே தேங்கும் நீர் அவற்றை விலக்கித் தள்ளுகிறது. பிடிப்பு தளர்கிறது. நீலகிரியில் பாறைக்கு மேல் பல இடங்களில் ஆழமான செம்மண் படலம் உள்ளது. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே நீர் சேர்ந்தால், மேலே உள்ள மண் மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

எவ்வளவு தண்ணீர்? நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த அளவு மழை 5 சென்ட் மனையில் பெய்தால், அந்த மனையில் மட்டும் சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழும். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட 14 லோடு. இதற்கு மேல், சரிவின் மேல்பக்கத்திலிருந்து வழிந்து வரும் நீர் தனி.

வீடு கட்டும்போது என்ன மாறுகிறது?

வீட்டின் எடையால்தான் மலை சரிகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்காகச் சமதளம் உருவாக்குகிறோமே, அங்கேதான் தொடங்குகிறது.

30 டிகிரி சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 அடி முன்னே போனால் கிட்டத்தட்ட 6 அடி மேலே ஏறும் சரிவு அது. அங்கே 20 அடி அகலத்துக்குச் சமதளம் வேண்டும் என்றால், முழுவதையும் வெட்டி எடுத்தால் பின்பக்கம் சுமார் 11 அடி உயரத்துக்குச் செங்குத்தான மண்சுவர் நிற்கும். செலவைக் குறைக்க, பாதியை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்புவது வழக்கம். அப்போது வீட்டின் பின்பாதி கெட்டியான பழைய மண்ணிலும், முன்பாதி கொட்டிய தளர் மண்ணிலும் நிற்கிறது. முதல் பெரிய மழையிலேயே முன்பாதி இறங்கத் தொடங்கலாம்.

இதோடு இன்னும் மூன்று விஷயங்கள் சேர்கின்றன.

• தடுப்புச்சுவரில் நீர் வெளியேற ஓட்டைகள் இல்லாமல் கட்டுவது. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும்.

• செப்டிக் டேங்க், குளியலறை நீரைச் சரிவு மண்ணுக்குள்ளேயே இறக்கிவிடுவது. மழை இல்லாத நாளிலும் மண் ஈரமாகவே இருக்கும்.

• இயற்கையாக நீர் ஓடும் சிற்றோடையை மூடி, அதன் மேலேயே மனை போடுவது. அடுத்த மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும்.

எவ்வளவு சாய்வு வரை கட்டலாம்?

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட நகர்த் திட்டமிடல் வழிகாட்டுதல்கள், மலைப்பகுதிகளுக்கென்று தனியாகப் பேசுகின்றன. 30 டிகிரிக்கு மேல் சாய்வான இடங்கள், நிலச்சரிவு அபாயப் பகுதிகள், ஊற்று வரிசைகள், ஓடைகள் தொடங்கும் இடங்கள் ஆகியவற்றில் பொதுவாகக் கட்டுமானம் கூடாது என்பது அதன் சாரம்.

ஆனால் இது வழிகாட்டுதல் மட்டுமே. நிலமும் கட்டட அனுமதியும் மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகளின் கையில் உள்ளவை. அவர்கள் தங்கள் விதிகளில் கொண்டுவந்தால்தான் அது கட்டுப்படுத்தும்.

தமிழ்நாட்டில் யார் அனுமதி தருவது?

மலைப்பகுதிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. சுருக்கமாக ‘ஹாகா’. இதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவு போடவோ, விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ வழக்கமான நகர் ஊரமைப்பு அனுமதி மட்டும் போதாது. வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை போன்ற துறைகளின் கருத்தும் கேட்கப்படுகிறது. மண் தாங்குமா, காட்டுக்கு எவ்வளவு அருகில், தண்ணீர் எப்படி வடியும் என்று தனித்தனியாகப் பார்க்கவே இந்த ஏற்பாடு.

நீலகிரியில் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நீண்டகாலமாக உள்ள வரம்பு. ஜேசிபி, பொக்லைன் போன்ற மண் அள்ளும் இயந்திரங்களைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் அடுத்தடுத்து மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டத்தில் 283 இடங்கள் அபாயகரமானவை என அடையாளம் காணப்பட்டு, ஒவ்வொரு பருவமழையின்போதும் கண்காணிக்கப்படுகின்றன.

விதி இருக்கிறது. அப்புறம் ஏன்?

முதல் காரணம், வரைபடத்தின் அளவு. இந்தியாவின் நிலப்பரப்பில் சுமார் 12.6 சதவீதம் நிலச்சரிவு அபாயம் உள்ளது என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். இதற்காக அது தயாரித்த வரைபடங்கள் 1:50,000 அளவிலானவை. அதாவது வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 5 சென்ட் மனையின் ஒரு பக்கம் சுமார் 14 மீட்டர்தான். பேனா முனையை வைத்தாலே மனை மறைந்துவிடும். ஒரு மாவட்டத்தில் எங்கே நகரம் வளரலாம் என்று முடிவெடுக்க இந்த வரைபடம் உதவும். குறிப்பிட்ட ஒரு மனையில் வீடு கட்டலாமா என்று அது சொல்லாது. அதற்கு அந்த இடத்திலேயே மண் பரிசோதனை செய்ய வேண்டும்.

இரண்டாவது, எதை அளக்க முடியுமோ அதைத்தான் சோதனையில் பிடிக்க முடிகிறது. கட்டடத்தின் உயரத்தை முடிந்த பிறகும் டேப் வைத்து அளந்துவிடலாம். எவ்வளவு மண்ணை வெட்டினார்கள், சுவருக்குப் பின்னால் கல் நிரப்பினார்களா, கழிவுநீர் எங்கே போகிறது என்பதெல்லாம் வேலை நடக்கும்போது நேரில் பார்த்தால்தான் தெரியும். 7 மீட்டருக்குள் அடங்கிய வீடும் ஆபத்தான வெட்டில் நிற்கலாம்.

மூன்றாவது, பணம். மலையூர்களில் சமமான, சாலையோர நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தோட்டத் தொழிலாளர்கள், தினக்கூலிகள் ஆகியோருக்கு மிஞ்சுவது செங்குத்தான சரிவும் ஓடைக்கரையும்தான். அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததால் விண்ணப்பிக்காமலேயே கட்டுகிறார்கள். விண்ணப்பமே இல்லாத வீட்டை எந்தப் பொறியாளரும் வந்து பார்ப்பதில்லை. இவர்களுக்கு மாற்று இடம் தராமல் விதியை மட்டும் இறுக்கினால், ஆபத்தான வீடுகள் குறையாது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகரும்.

அப்படியென்றால் சமதள மனை பாதுகாப்பானதா?

அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டில் மலையின் மேல்பகுதியில் சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றுவழியாகப் பல கிலோமீட்டர் ஓடி வந்து முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை அடித்துச் சென்றன. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல வீடுகள் இருந்தது செங்குத்துச் சரிவில் அல்ல, கீழே பள்ளத்தாக்கில். மனையின் சாய்வை மட்டும் பார்க்கும் விதி இந்த ஆபத்தைப் பிடிக்காது. மேலே என்ன இருக்கிறது, அது சரிந்தால் எந்த வழியாக வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹாங்காங் என்ன செய்தது?

இடமில்லாமல் மலைச்சரிவிலேயே வளர்ந்த நகரம் ஹாங்காங். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் அங்கே இரண்டு பெரிய சரிவுகள். ஓரிடத்தில் 71 பேர், இன்னோரிடத்தில் 67 பேர் இறந்தனர். 1976-ல் மீண்டும் ஒரு சரிவில் 18 பேர் பலி.

அதன் பிறகு 1977-ல், சரிவுகளைக் கவனிப்பதற்கென்றே தனிப் பொறியியல் அலுவலகம் உருவானது. வீட்டுக்கும் சாலைக்கும் வெட்டப்பட்ட சுமார் 60 ஆயிரம் சரிவுகளும் தடுப்புச்சுவர்களும் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் தரப்பட்டது. அரசு நிலம் என்றால் அரசு, தனியார் நிலம் என்றால் உரிமையாளர் என்று பராமரிக்க வேண்டியவர் யார் என்பதும் முடிவானது. ஆபத்தாக இருந்தால் சரிசெய்யும்படி உரிமையாளருக்குச் சட்டப்படி உத்தரவு போகும். மழை இன்றும் கொட்டுகிறது, மண்ணும் சரிகிறது. ஆனால் உயிரிழப்பு பல மடங்கு குறைந்துவிட்டது.

கட்டடத்துக்கு அனுமதி தருவதோடு நிற்காமல், வெட்டிய சரிவுக்கும் ஒரு பதிவேடும் பொறுப்பாளரும் வைத்ததுதான் அங்கே நடந்த மாற்றம். நம் ஊர்களில் வீட்டுக்கு வரி எண் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் 11 அடி மண்சுவருக்கு எந்த எண்ணும் இல்லை.

மலைப்பகுதியில் மனை வாங்குவோர் கவனத்துக்கு

• பத்திரம் பதிவாகிவிட்டதால் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அந்தக் கிராமம் ஹாகா பட்டியலில் வருகிறதா, மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

• கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழை நாளில் ஒருமுறை போய், தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள்.

• மனையின் எந்தப் பகுதி வெட்டியது, எது கொட்டி நிரப்பியது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே சரிவில் வசிப்பவர்கள், தரையில் புதிதாக விழும் நீளமான விரிசல், சாய்ந்துகொண்டே போகும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று மூட மறுக்கும் கதவு, புதிய இடத்தில் கசியும் கலங்கல் நீர் ஆகியவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை மண் நகரத் தொடங்கியதற்கான அறிகுறிகள். கனமழை நேரத்தில் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே வீட்டைவிட்டு வெளியேறி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தகவல் சொல்ல வேண்டும்.